கடலின் நிறமும் கரையின் நலமும்

மண்ணின் நிறத்தைக் கண்டு அதன் வளத்தைக் கூறுவது உழவர் வழக்கம். கரிசல், செம்மண் என்னும் பெயர்களே நிறத்தால் அமைந்தவை. கடலோர மக்களும் அவ்வாறே நீரின் நிறத்தைக் கண்டு அதன் போக்கை உணர்ந்து வந்துள்ளனர். தெளிந்த நீலத்திற்கும் கலங்கிய பச்சைக்கும் இடைப்பட்ட எல்லையில் வலை விரிப்பது பல கரைகளில் மரபு. மன்னார் வளைகுடாக் கடற்கரையில் நீரின் மேற்பரப்பு பச்சை பூத்துக் கிடந்தால், 'பூங்கோரை' படர்ந்திருக்கிறது என்று மீனவர்கள் கூறுவர். மீன்கள் விலகிவிடும் என்பதற்கு அது எச்சரிக்கை.

அந்தப் பட்டறிவு கண்ணுக்கு எட்டிய தூரத்தோடு நின்றுவிடுகிறது. இந்தியாவின் கடற்கரை பழைய கணக்கின்படி 7,516 கிலோமீட்டர். அண்மையில் வளைவு நெளிவுகளை நுட்பமாக அளந்ததன் பயனாக அது 11,098 கிலோமீட்டர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. நாட்டின் தனிப் பொருளாதாரக் கடற்பகுதியோ 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேலாக விரிந்துள்ள இச்சொத்தின் நிலையை அடிக்கடி அறிந்து கொள்வதற்கு விண்வெளித் தொழில்நுட்பம் அளித்துள்ள வழிகளுள் ஒன்று, கடலின் நிறத்தைச் செயற்கைக் கோளிலிருந்து அளப்பது. அதன் முறை, பயன், எல்லை ஆகிய மூன்றும் திட்டமிடுவோர் அறிந்திருக்க வேண்டியவை.

நிறம் மாறுவது ஏன்?

தூய கடல்நீர் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை விரைவில் உறிஞ்சிக்கொள்கிறது. நீலப் பகுதியைச் சிதறடித்து மேலே திருப்பி அனுப்புகிறது. நடுக்கடல் நீலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். நீரில் வேறு பொருள்கள் கலக்கும்போது இந்த நிலை மாறுகிறது. அவற்றை மூன்று வகைகளில் அடக்கலாம்.

முதலாவது, கண்ணுக்குத் தெரியாத தாவர நுண்ணுயிர்கள். நீரில் மிதந்து வாழும் இவை நிலத்துப் பயிர்களைப் போலவே பச்சையத்தைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றால் நடைபெறுகிறது. கடலின் உணவுச் சங்கிலிக்கு இவையே முதற்படி. பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடுவதில்லை. எனவே நுண்ணுயிர்கள் பெருகப் பெருக நீரின் நிறம் நீலத்திலிருந்து பச்சையை நோக்கி நகர்கிறது. இரண்டாவது, ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், அலையும் ஓதமும் அடியிலிருந்து கிளப்பிவிடும் சேறும். மூன்றாவது, இலைதழைகள் மக்கிக் கரைவதால் உண்டாகும் மஞ்சள் நிறக் கரிமப் பொருள்கள்.

முதல் வகையே நிறத்தைத் தீர்மானிக்கும் நடுக்கடல் நீரை முதல்தர நீர் என்றும், மூன்று வகைகளும் கலந்து கிடக்கும் கரையோர நீரை இரண்டாம்தர நீர் என்றும் அறிஞர்கள் 1977 முதல் பிரித்து வழங்குகின்றனர். இது நீரின் மேன்மையையோ தாழ்வையோ குறிப்பதன்று. அளக்கும் எளிமையைக் குறிப்பது. ஊக்லி ஆற்றின் முகத்துவாரமும் காம்பே வளைகுடாவும் இரண்டாம்தர நீருக்குத் தக்க எடுத்துக்காட்டுகள்.

அளக்கும் முறை

செயற்கைக் கோளில் உள்ள உணர்கருவி, கடற்பரப்பிலிருந்து வரும் ஒளியைச் சில குறுகிய அலைநீளப் பட்டைகளாகப் பிரித்து அளக்கிறது. பச்சையம் 443 நானோமீட்டர் அருகேயுள்ள நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சும். 555 நானோமீட்டர் அருகேயுள்ள பச்சை ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆகவே நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதம் குறைந்தால் பச்சையம் கூடியுள்ளது என்று பொருள். கப்பல்களில் சென்று நீரை எடுத்துப் பகுத்தறிந்த அளவுகளோடு இந்த விகிதத்தை ஒப்பிட்டு ஒரு சமன்பாட்டை வகுத்துக்கொள்கின்றனர். வளம் குன்றிய நடுக்கடலில் ஒரு கன மீட்டர் நீரில் பச்சையம் 0.1 மில்லிகிராமுக்கும் குறைவு. அடிநீர் மேலெழும் பகுதிகளில் அது பல மில்லிகிராம்களாக உயரும். பாசி பெருகிய இடங்களில் 10 மில்லிகிராமையும் தாண்டும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. செயற்கைக் கோளை வந்தடையும் ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கடலிலிருந்து வருவதன்று. இடையிலுள்ள காற்றும் தூசும் ஈரமும் சிதறடித்து அனுப்புவது. நூறு பங்கில் பத்துப் பங்கே கடல் தரும் செய்தி. காற்றின் பங்கைக் கணிப்பதில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், கடலின் பங்கில் அது பத்தில் ஒன்றாகப் பெருத்துவிடும். இதனைத் தவிர்க்க ஓர் உபாயம் கையாளப்படுகிறது. அகச்சிவப்பை ஒட்டிய அலைநீளங்களில் தெளிந்த கடல்நீர் ஒளியை அநேகமாக முழுவதும் விழுங்கிவிடுகிறது. அப்பட்டைகளில் பதிவாகும் ஒளி காற்று மண்டலத்தின் கணக்கே எனக் கொண்டு, மற்றப் பட்டைகளிலும் அதன் பங்கைக் கணித்துக் கழித்துவிடுகின்றனர். நீரில் சூரியன் கண்ணாடிபோல் பளிச்சிடும் கூச்சத்தைத் தவிர்க்க உணர்கருவியை 20 பாகை வரை சாய்த்துப் பார்ப்பதும் உண்டு.

இத்தனை திருத்தங்களுக்குப் பின்னும் நடுக்கடல் நீரில் பச்சையத்தை 35 விழுக்காடு பிழைக்குள் அளப்பதே தொடக்கத்தில் இலக்காக வைக்கப்பட்டது. தனியொரு புள்ளியில் கப்பல் தரும் அளவு இதைவிடத் துல்லியமானது. ஆயினும் மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் செல்லும் கப்பல் 1,420 கிலோமீட்டரை எங்கும் நில்லாமல் கடக்க மூன்று நாட்களுக்கு மேலாகும். அதற்குள் கடல் மாறிவிடும். இந்தியாவின் முதல் கடல் ஆய்வுக் கோள் அந்த அகலத்தை ஒரே பார்வையில் கண்டது. கப்பல் துல்லியம் தரும். கோள் பரப்பைத் தரும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

வளர்ந்த வரலாறு

இந்தியப் பெருங்கடலைப் பல நாடுகள் கூடி ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வுப் பயணம் 1959 முதல் 1965 வரை நடைபெற்றது. அதன் பயனாக 1966-இல் தேசியப் பெருங்கடலியல் நிறுவனம் தோன்றியது. வானிலிருந்து கடலின் நிறத்தை அளக்க முடியும் என்பதை மெய்ப்பித்தது, 1978 அக்டோபரில் அமெரிக்கா செலுத்திய நிம்பஸ்-7 கோளிலிருந்த கருவி. அது 1986 வரை இயங்கியது. அதன்பின் பத்தாண்டுக் காலம் உலகில் அத்தகைய கருவி எதுவும் இயங்காததால் அளவுகளின் தொடர்ச்சி அறுந்தது. 1997-இல் 'சீவிஃப்ஸ்' கருவி செலுத்தப்பட்ட பின்னரே உலகளாவிய தொடர் பதிவு மீண்டும் கிடைத்தது.

1979-இல் செலுத்தப்பட்ட இந்தியாவின் பாஸ்கரா-1 கோளிலேயே கடலைக் கருதிய நுண்ணலைக் கருவி இடம்பெற்றிருந்தது. 1996-இல் ஐ.ஆர்.எஸ். பி-3 கோள் ஜெர்மானியக் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 செலுத்தப்பட்டது. அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய கடல் நிற அளவி அதில் இருந்தது. எட்டுப் பட்டைகளும், 360 மீட்டர் நுணுக்கமும், 1,420 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அக்கருவி, 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு நாட்களுக்கு ஒருமுறை அதே கடற்பகுதியைக் கண்டது. 2009 செப்டம்பர் 23-இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பர் 26-இல் ஓஷன்சாட்-3 என அவ்வரிசை தொடர்ந்தது. மூன்றாவது கோளின் அளவியில் பட்டைகள் 13 ஆகப் பெருகின. கடற்பரப்பின் வெப்பத்தை அளக்கும் கருவியும், காற்றை அளக்கும் கருவியும் அதே கோளில் இடம்பெற்றன.

மீன் கூடும் இடங்கள்

இந்த அளவுகளை நாட்டின் பயன்பாட்டிற்குக் கொண்டுவரும் பொறுப்பு, 1999-இல் ஐதராபாதில் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தைச் சார்ந்தது. மீன்கள் எங்கே உள்ளன என்பதைக் கோள் காண்பதில்லை. வெப்பநீரும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்புகளையும், பச்சையம் செறிந்த பகுதிகளையுமே அது காட்டுகிறது. நுண்ணுயிர் பெருகும் இடத்தில் அவற்றை உண்ணும் சிற்றுயிர்களும், அவற்றைத் தேடி மத்தி, காணாங்கெளுத்தி போன்ற மீன்களும், அவற்றைத் துரத்திச் சூரை போன்ற பெருமீன்களும் வந்து கூடுவது இயல்பு. இந்த நியதியைக் கொண்டே மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகள் கணிக்கப்படுகின்றன.

நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட மீன் இறங்கு தளங்களுக்கு, ஒவ்வொன்றிலிருந்தும் எத்திசையில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் செல்ல வேண்டும் என்ற விவரம் தமிழ் உள்ளிட்ட கடலோர மொழிகளில் வழங்கப்படுகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் அப்போது இவ்வறிவிப்பு இல்லை.

இதனால் விளையும் உடனடி நன்மை எரிபொருள் சிக்கனம். கடலுக்குச் செல்லும் செலவில் டீசலின் பங்கே பெரிது. மீனைத் தேடி அலையும் நேரம் குறையும்போது செலவும், இயந்திரத் தேய்மானமும், கடலில் கழியும் ஆபத்தான நேரமும் ஒருங்கே குறைகின்றன.

பாசிப் பெருக்கமும் நீரின் தரமும்

நுண்ணுயிர்ப் பெருக்கம் எப்போதும் நன்மையே தரும் என்று கொள்ளலாகாது. சில வகைகள் நஞ்சைச் சுரக்கின்றன. வேறு சில மடிந்து மக்கும்போது நீரிலுள்ள உயிர்வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. வட அரபிக் கடலில் குளிர்காலத்தில் 'நாக்டிலூகா' என்னும் உயிரி, தன்னுள் பச்சைப் பாசியை வைத்துக்கொண்டு பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பெருகுவது இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழக்கமாகிவிட்டது. இதை விரும்பி உண்ணும் மீன்கள் மிகச் சில. சொறிமீன்களும் அவை போன்றவையுமே இதனால் பெருகுகின்றன. மீன்வளத்திற்கு உணவாகும் நுண்ணுயிர்களின் இடத்தை இது பிடித்துக்கொள்வது கவலைக்குரியது.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் இரவில் நீல ஒளி வீசியதைக் காண மக்கள் திரண்டனர். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா பெருகி நீர் பச்சையாயிற்று. மண்டபம் பகுதியில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அங்குள்ள தீவுகளை ஒட்டிய பவளப் பாறைகளிலும் உயிர்வாயுக் குறைவினால் பவள உயிர்கள் மடிந்தன. பவளம் மீண்டும் வளர ஆண்டுகள் பல ஆகும். பவளப் பாறையைச் சார்ந்து வாழும் மீனவக் குடும்பங்களுக்கு அந்த இழப்பு ஒரு பருவத்தோடு முடிவதன்று.

இத்தகைய நிகழ்ச்சிகளை முன்கூட்டி அறிவதற்காக 2021-இல் பாசிப் பெருக்கத் தகவல் சேவை தொடங்கப்பட்டது. வடகிழக்கு அரபிக் கடல், கேரளக் கரையோரம், மன்னார் வளைகுடா, ஒடிசாவின் கோபால்பூர் கரையோரம் ஆகிய நான்கும் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய பகுதிகளாக இனங்காணப்பட்டுள்ளன. கரையோர நீரை நேரில் எடுத்துச் சோதிக்கும் மத்திய அரசின் கண்காணிப்புத் திட்டம் 1991 முதல் நடைபெற்று வருகிறது. கோளின் படம் எங்கே நீரை எடுக்க வேண்டும் என்பதைக் காட்டினால், சோதனைச் சாலை அது என்ன என்பதைக் கூறும்.

மத்தி கற்பிக்கும் பாடம்

கேரள மக்களின் அன்றாட உணவான மத்தி மீன், நிறத்தை அளப்பதன் பயனையும் போதாமையையும் ஒருசேர விளக்குகிறது. தென்மேற்குப் பருவக் காற்று கேரளக் கரையோரத்தில் அடிநீரை மேலே கொணர்கிறது. அந்நீரின் சத்துகளால் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மத்தியின் குஞ்சுகள் வளர்வது அந்த விளைச்சலை நம்பியே. பெருக்கம் உரிய காலத்தில் தொடங்கினால் குஞ்சுகள் பிழைக்கும். முந்தினாலோ பிந்தினாலோ பிழைப்பது அரிது. கனடா நாட்டின் கரையோரத்தில் வேறொரு மீனினத்தைப் பற்றிக் கோள் அளவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு இத்தொடர்பை 2003-இல் உறுதி செய்தது.

கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-இல் அது மூவாயிரத்துச் சொச்சம் டன்னாகச் சரிந்தது. நூறு கூடை இறங்கிய துறையில் ஒரு கூடையும் இறங்கவில்லை என்பதே இதன் பொருள். கடலின் வெப்பமும் பருவத்தின் மாறுபாடும் இதற்குக் காரணம் என்பர். அதனினும் கைக்குள் அடங்கிய காரணம், மிகுதியாகக் கிடைத்த ஆண்டுகளில் குஞ்சுகளையும் சேர்த்து வாரியது. கேரள அரசு 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிப்பதைத் தடை செய்துள்ளது. கடலின் விளைச்சல் எவ்வளவு என்பதைக் கோள் கூறலாம்; எவ்வளவு பிடிப்பது என்பதை மனிதர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

கருவியின் எல்லைகள்

நிற அளவி சூரிய ஒளியை நம்பியிருப்பதால் மேகத்தை ஊடுருவ இயலாது. அரபிக் கடல் மிக வளமாக விளங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில்தான் வானம் மூடிக் கிடக்கிறது. அறிய வேண்டிய நேரத்தில் கண் மறைக்கப்படுகிறது எனலாம். பல கோள்களின் படங்களையும் பல நாள் படங்களையும் இணைப்பதாலும், மிதவைக் கருவிகளை நிறுவுவதாலும் இக்குறையை ஓரளவே போக்கலாம்.

கலங்கிய கரையோரத்தில் அளவு பிழைபடுவது இரண்டாவது எல்லை. வண்டல் மிகுந்த நீர், அகச்சிவப்பை ஒட்டிய பட்டைகளிலும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் காற்றின் பங்கைக் கழிக்கும் கணக்கே தடுமாறுகிறது. சேற்றைப் பச்சையமாக எண்ணிவிடும் அபாயமும் உண்டு. நகரங்களின் கழிவும் தொழிற்சாலைகளின் கழிவும் வந்து சேர்வது இக்கரையோரத்திலேதான் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மூன்றாவதாக, கோள் காண்பது மேலடுக்கு நீரை மட்டுமே. தெளிந்த கடலில் சில பத்து மீட்டர் ஆழம். கலங்கிய நீரில் ஓரிரு மீட்டர். இறுதியாக, கரைந்துள்ள உயிர்வாயு, பாதரசம், நோய்க் கிருமிகள் ஆகியவற்றுக்குத் தனி நிறம் இல்லை. ஒரு கரை குளிப்பதற்கு ஏற்றதா, சிப்பி வளர்ப்பதற்கு ஏற்றதா என்று தரம் பிரிக்கக் கோளின் படம் மட்டும் போதாது.

பொருளாதார நோக்கில்

கடலைப் பற்றிய தகவல் ஒரு பொதுப் பண்டம். ஒருவர் பயன்படுத்துவதால் மற்றொருவருக்கு அது குறைவதில்லை. தனியார் எவரும் முதலிட்டு இலவசமாக வழங்க முன்வர மாட்டார்கள் ஆதலின், அரசு செலவிடுவது முற்றிலும் பொருத்தமே. ஆனால் தகவல் பொதுப் பண்டமாயினும், அது சுட்டிக்காட்டும் மீன் பொதுப் பண்டம் அன்று. ஒருவர் பிடித்தது மற்றவருக்கு இல்லை. எல்லாப் படகுகளும் ஒரே இடத்திற்கு விரைந்தால் முதலில் சென்று சேரும் பெரிய விசைப்படகே பயனடையும். 40 கிலோமீட்டருக்கு அப்பால் செல்ல இயலாத நாட்டுப்படகுக்கு அந்த அறிவிப்பு வெறும் செய்தியே. அனைவரும் ஒரே நாளில் மிகுதியாகக் கொணர்ந்தால் துறையில் விலையும் வீழ்ச்சியுறும். தேடும் செலவு குறைந்து பிடிக்கும் வேகம் கூடினால், கட்டுப்பாடு இல்லாத கடலில் மீனினமே அருகிவிடக்கூடும்.

ஆகவே இச்சேவையின் வெற்றியைப் பிடிக்கப்பட்ட மீனின் எடையைக் கொண்டு அளப்பது சரியன்று. எவ்வளவு டீசல் மிச்சமாயிற்று, எத்தனை நாள் வீண் பயணம் தவிர்க்கப்பட்டது, எந்தப் பாசிப் பெருக்கத்தைப் பற்றி எத்தனை நாள் முன்னதாக எச்சரிக்கை சென்றது, சிறு படகுக்காரருக்கு அதில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்பவையே உரிய அளவுகோல்கள்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, தகவல் கடைசிப் படகு வரை சென்று சேர வேண்டும். 1990-களின் இறுதியில் புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்த முயற்சி, எளிய சாதனமே பெரும்பயன் தரும் என்பதைக் காட்டியது. கைப்பேசி அலை எட்டாத தொலைவிலும் செய்தியைப் பெற உதவும் 'ஜெமினி' கருவி 2019-இல் அறிமுகமாயிற்று. அத்தகைய கருவிகள் நாட்டுப்படகுகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும்.

இரண்டாவதாக, கரையோர நீரில் நேரடிச் சோதனைகள் பெருக வேண்டும். கடலோரக் கல்லூரிகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் பங்குகொள்ளலாம். நீர் நிறம் மாறிய நாளையும் இடத்தையும் மீனவர் தெரிவிக்கும் ஏற்பாடு, கோளின் கணக்கைச் சரிபார்க்கச் செலவற்ற வழி.

மூன்றாவதாக, மீன் இருக்கும் இடத்தைக் கூறும் அறிவிப்போடு மீனினத்தைக் காக்கும் விதிகளும் சேர்ந்து செல்ல வேண்டும். குஞ்சு மீன்கள் கூடும் பகுதியும் காலமும் தெரியவரும்போது, அங்கே செல்ல வேண்டாம் என்று கூறும் துணிவும் அந்த அறிவிப்புக்கு வேண்டும்.

நான்காவதாக, தொடர்ச்சி. கடலின் மாற்றத்தைப் பருவநிலை மாற்றத்தோடு இணைத்துக் கூறப் பல பத்தாண்டுப் பதிவுகள் தேவை. 1986-க்குப் பின் நேர்ந்த இடைவெளியை இன்று எவ்வளவு பணம் கொடுத்தும் நிரப்ப இயலாது. ஒரு கோளின் ஆயுள் முடியுமுன் அடுத்த கோள் ஆயத்தமாக இருப்பது ஆடம்பரச் செலவன்று.

பூங்கோரை படர்ந்ததைக் கண்டு வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிய மீனவர், அன்று கண்ணால் கண்டதையே அறிந்தார். அது படர்வதற்கு முன்பே அவருக்குச் செய்தி கிடைக்குமானால், ஒரு நாள் டீசலும் ஒரு நாள் உழைப்பும் மிஞ்சும். விண்ணில் செலவிடப்படும் தொகைக்குரிய கணக்கு, கரையில் அக்குடும்பத்தின் வரவு செலவில்தான் நேர் செய்யப்பட வேண்டும்.